ஸ்கூட்டர் சீட்டில் 73939133

ராத்திரி ஸ்கூட்டரைக் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினால் சண்முகசுந்தரம் சீட்டைத் துடைக்க மாட்டார். உறை போடவும் விடமாட்டார். சுரங்கத்துப் பக்கமிருந்து வரும் தூசி, விடிவதற்குள் அதன்மேல் மாவு சலித்த மாதிரி படிந்திருக்கும். காலையில் ஷிப்டுக்குக் கிளம்புமுன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்ப்பார். பூனைக் கால் எது, பால்காரர் பை உரசியது எது என்று சொல்லிவிடுவார். அப்புறந்தான் துணி. "சம்பளம் கேக்காத வாட்ச்மேன்" என்பார் மனைவி கமலாவிடம்.

பெட்ரோல் திருடனைப் பிடிக்க ஆரம்பித்த பழக்கம். திருடன்தான் வந்தபாடில்லை.

மே மாதத்தில் ஒரு காலை, தூசியில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: 73939133. மறுநாள் 7393913. அதற்கடுத்து 739391. தினம் வாலில் ஓர் இலக்கம் கழன்றது.

போன் நம்பருக்கு இரண்டு இலக்கம் குறைவு. தினம் ஒன்று கழல்வதைப் பார்த்து அவராகவே முடிவுகட்டினார்: பன்னிரண்டாவது முடித்த மகள் நந்தினிக்கு எவனோ நாள் குறிக்கிறான். சென்னையில் கணிதம் படிக்க அவள் கொண்டுவந்த ஹாஸ்டல் பாரம் கையெழுத்தில்லாமல் டிவிக்கு மேல் கிடந்தது.

"ஆள் யாருன்னு தெரியட்டும். அதுவரைக்கும் சென்னை கிடையாது" என்றார் கமலாவிடம். அவள் பாரத்தைத் தூசி தட்டி மறுபடி அங்கேயே வைத்தாள்.

மாடி வீட்டு டிரெய்னி பிரவீன்குமாரைப் படியில் மடக்கினார்.

"தம்பி, உங்க நம்பர் ஏழுலயா ஆரம்பிக்குது?"

"ஒம்பதுல, சார்."

"வேற சிம் இருக்கா?"

"இதுக்கே ரீசார்ஜ் பண்ண முடியல, சார்."

தயாராக வைத்திருந்த பதில் மாதிரி பட்டது.

73 வந்த மறுநாள், இருட்டு பிரியுமுன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கதவைத் திறந்துகொண்டு போனது நந்தினி. ஒற்றை ஏழைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருக்கு எழுதற?"

"உங்களுக்குத்தான்பா. தூசிய வேற யாரு படிக்கறாங்க?" என்றாள். "அது பகா எண். ஒண்ணையும் அதையும் தவிர எதாலயும் மிச்சமில்லாம வகுபடாது. கடைசி இலக்கத்த எடுத்துருங்க, மீதியும் வகுபடாது. ஏழு வரைக்கும் அப்படித்தான். இந்த மாதிரி எண்ணுல இதுதான் பெருசு. இதையெல்லாம்தான் படிக்கப் போறேன். நேர்ல சொன்னா நீங்க எங்க கேட்டீங்க?"

அவர் நம்பவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் 739-ஐ மட்டும் தனியாக நிறுத்தி, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வகுத்துக்கொண்டே போனார். அது எதற்கும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ மிச்சம் நின்றது. பெரிய எண்ணைப் போன் கால்குலேட்டரில் போட்டு, ஷிப்ட் முடியும்வரை குடைந்தார். மாட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் சென்னைக்குப் போய்ச் சில மாதம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. 7393-ம் 739-ம் வந்த காலைகளில் நந்தினி வடலூரில் சித்தி வீட்டில் இருந்தாள். கொண்டுபோய் விட்டதே அவர்தான்.

அடுப்படிக்குப் போய் நின்றார். கமலா தோசைக் கல்லிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:

"நான் போட்ட மூணு ஒழுங்கா விழுந்துச்சா?"