பெல்ட் கத்திய காலை

என் கணவருக்குச் சர்க்கரையில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். முப்பது வருடம் லோரி ஓட்டியவர், இப்போது நான் ஓட்டும் காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டு வருவார். அந்த மிச்சக் கண்ணைக் காப்பாற்ற ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. காலை ஒன்பதுக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

கெர்லிங்கில் வீட்டு வாசலிலேயே கார் கீச்சென்று கத்தியது.

"ஏர்கோன் போட்டா லைட்டு மங்குதா?" என்றார்.

"மங்குது. அதுக்கென்ன இப்போ?"

"வளைக்கிறப்ப ஸ்டேரிங் கனக்குதா?"

கனத்தது. ரேடியோவைக் கூட்டினேன். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கோலா குபு பாருவை நெருங்கும்போது, "இன்ஜின் பெல்ட்டு தேஞ்சிருச்சு. ஒர்க்‌ஷாப்புல நிறுத்து" என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? மணி என்னாவுது!"

"நிறுத்து லா."

அப்போதுதான் கடை திறந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார். மேல்பக்கம் வழவழவென்றுதான் இருந்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இன்ஜினுக்குள் கை விட்டு, பெல்ட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

"இங்க வெடிப்பு. இங்க ஒண்ணு. இந்த எடத்துல ஒரு வரி பிஞ்சே போச்சு."

மெக்கானிக் கழற்றி வளைத்துக் காட்டினார். சொன்ன இடத்திலெல்லாம் வெடிப்பு வாய் பிளந்தது. அடேயப்பா! தினமும் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டியவள் நான். பேட்டரி, தண்ணீர்ப் பம்பு, ஸ்டேரிங் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடியது இந்த ஒரு ரப்பர் வார்தானா? அதைவிட, இந்த மனுஷனை நினைத்துத்தான் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

புது பெல்ட் ரவாங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் டாக்சியும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். இன்றைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். புதுத் தேதி கடிதத்தில் வருமாம். அங்கேயே அழுதுவிட்டேன்.

"போயிருக்கலாமேங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கியிருக்காதா?"

"தாங்கியிருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் ஏன்?"

"நடுரோட்டுல அறுந்தா ஸ்டேரிங் மரக்கட்ட மாதிரி எறுகிப்போயிரும். எதுக்க லோரி வரும். ஓட்டறது நீ."

என் முகம் இருப்பதாக நினைத்த பக்கம் பார்த்துச் சிரித்தார். அவர் பார்த்த பக்கத்துக்கே நான் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.