அவர் என்னை அம்மா என்றார்

என் கணவரை மலேசியாவின் கெடா மாநிலத்தில் பலர் சாமி என்றுதான் அழைக்கிறார்கள். அவர் பாட்டைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டு பஸ் நிற்குமிடத்தில் கண்ணைத் துடைத்த ஒரு பெண்ணை நானே பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சாமி ஆவதற்கு முன்னால் அவர் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. மாலையில் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். பாட்டுக் கட்டுவார் என்று யாருமே நினைத்ததில்லை.

எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் ஒன்பது வயதில் டிங்கிக் காய்ச்சலில் போய்விட்டான்.

அதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. வியாழன் மாலை உடம்பு குளிர்ந்தது. ஆனால் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "காய்ச்சல்தான் எறங்கிருச்சே. நாளைக்கு வெள்ளிக்கெழம. முருகன் கோயில்ல கயிறு கட்டிட்டு, அப்பறம் தூக்கிட்டுப் போலாம்" என்றார். நான் சரி என்றேன். மறுநாள் காலை ஷிப்ட்டுக்குக் கூலிம் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். கோயிலில் பூசாரி கயிறு கட்டும்போதே பிள்ளையின் கை சில்லிட்டிருந்ததாம். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர், நேற்றே கொண்டுவந்திருக்கலாம் என்று மெதுவான குரலில் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில்தான் முதல் பாட்டு வந்தது. பூசாரி எல்லாவற்றையும் முடித்துச் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். இவர் மூலையிலிருந்து எழுந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்றார். வேண்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தோம். பாடினார்.

"பன்னிரண்டு கண் உனக்கு, பிள்ளை துடித்த நேரத்தில்
ஒன்றுகூடத் திறக்கலையோ?
உன் கயிறு கட்டிய கை சில்லிட்டுப் போனதே,
பன்னிரண்டு கை இருந்தும் தொட்டுப் பார்க்க ஒழியலையோ?"

வீட்டில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. 

யாரோ அதைப் பதிந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள் வந்து கூப்பிட்டார்கள். பிறகு மெர்கோங்கில் ஒரு கோயில். ஒவ்வொரு இடத்திலும் புதுப் பாட்டு. எல்லாமே முருகனிடம் கேட்கிற கேள்விதான். ஒரு பாட்டிலும் பதில் கிடையாது. ஜனங்கள் அதைக் கேட்டு உருகினார்கள், காலில் விழுந்தார்கள். அவர் தாடி வளர்த்தார், காவி கட்டினார். வேலைக்குப் போனால் கம்பை நட்டுவைத்துக்கொண்டு மரத்தடியில் அப்படியே நின்றுவிடுவார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் இரண்டு தடவை வீட்டில் கொண்டுவந்து விட்டார். மூன்றாம் தடவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் பயமாக இருக்கிறது. என் பிள்ளை செத்ததைக் கேட்டு ஊரில் எல்லோருக்கும் மனம் இளகுகிறது. பெற்ற எனக்கு மட்டும் ஒன்றும் இளகவில்லை. ஒருநாள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்: "நம்ம பிள்ளைய வச்சுக் கச்சேரி நடத்துறீங்களா?"

அவர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த வாரமே ஒரு துணிப்பையோடு போய்விட்டார்.

தோட்ட வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். நானும் மகளும் கூலிமில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்தோம். அவள் அப்போது இரண்டாம் படிவம் படித்தாள். முதல் வருடம் நான் ஷிப்ட் முடிந்து வந்து பாயில் விழுந்தால் எழுந்திருக்கமாட்டேன். அவள் சோறு வடித்து, உருட்டி, என் வாயில் வைப்பாள். "அம்மா, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பதினான்கு வயதுப் பிள்ளை. முருகன் படத்தை நான் பெட்டியில் கவிழ்த்துப் போட்டிருந்தேன். அவள் அதையும் எடுக்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிச் செய்தி வரும், ஆள் வரமாட்டார். இப்படி மூன்று வருடம் போனது.

ஒருநாள் பெண்டாங்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கோயிலில் சமைக்கிறவள். "அக்கா, நீங்க சாமியோட வீட்டுக்காரம்மாதானே? சாமிக்கு இனிப்புநீர், சக்கர வியாதி இருக்கு போல. கால்ல புண்ணு, வாடை அடிக்குதுக்கா. கமிட்டிக்காரங்க ஆஸ்பத்திரிக்கு விடமாட்டேங்கிறாங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனேன். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு பலகையில் சாய்ந்திருந்தார். பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது. வலது காலைக் காவித் துணியால் சுற்றியிருந்தார்கள். விபூதியும் ஊதுபத்தியும் தாண்டி அந்த வாடை வந்தது.

என்னைப் பார்த்தார். கண்ணில் தெரிந்துகொண்ட அடையாளம் இருந்தது. ஆனாலும், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

எந்தப் பெண் வந்தாலும் அப்படித்தான் சொல்வாராம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்கு அம்மா இல்ல. நம்ம பிள்ளைய உங்ககூட சேர்ந்து குளிப்பாட்டினவ" என்றேன்.

 கமிட்டித் தலைவர் எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், குரலில் மரியாதை இருந்தது. "அக்கா, சாமி பாட்டால எத்தன பேருக்கு நோய் தீந்திருக்கு தெரியுமா? அவரையே முருகன் கைவிட்டுருவாரா? வெள்ளிக்கெழம அபிஷேகம் இருக்கு. அது முடியட்டும், அப்பறம் பாக்கலாம் லா."

வெள்ளிக்கிழமை என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதும். "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்று சொன்னேன். கத்தவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, போனார்கள்.

நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம்.  அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமே வரல எனக்கு. தெனம் கேக்குறேன். ஒரு வார்த்த பதில் இல்ல. பாட்டு மட்டும் வருது. ஜனங்க கால்ல விழும்போது ஒடம்பெல்லாம் ஒதறுது. எதையோ பாத்துட்டேன்னு நெனைக்கிறாங்க. இத நான் யார்கிட்ட சொல்றது?"

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே."

"ஒன் மொகத்தப் பாக்க முடியல. நான்தானே வெள்ளிக்கெழம போலாம்னேன்."

"நான் சரின்னு சொன்னேனே. அது ஞாபகம் இல்லையா?"

அவர் தலையைத் தூக்கினார். "நீ சரின்னா சொன்ன?"

அவருக்கு உண்மையிலேயே அது நினைவில்லை. இத்தனை வருடமும் முழுவதையும் தன் தலையில் மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராய் அலைந்திருக்கிறார். நான் பாட்டுக்கு அவரைக் குற்றவாளியாக நிறுத்தி, என் சரியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், நிற்கவும் முடியாமல், அவர் கிடந்த பலகையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, எந்திரிங்க. போலாம்" என்றாள்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சிலர் குறுக்கே நின்றார்கள். ஒரு கிழவர், சாமியைக் கொண்டுபோனால் கோயிலுக்கு ஆகாது என்றார். சமைக்கிற பெண்ணின் புருஷன் தன் வேனைப் பின்னால் எடுத்து வந்து கதவைத் திறந்தார். தலைவர் கடைசிவரை தடுத்துப் பார்த்துவிட்டு, வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு பிடி விபூதியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார் என்றார்கள். மயக்கம் தெளிந்து அவர் முதலில் சொன்னது, "பாட்டு வரலையே" என்பதுதான். அதற்குப் பிறகும் வரவில்லை.

இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ஒரு அறை இரண்டு அறை ஆகியிருக்கிறது. நான் வேலைக்குப் போகும்போது சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது சில நாள் போட்ட இடத்திலேயே, குடிக்க வைத்த தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். "என்ன நெனச்சுக்கிட்டிருந்தீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார்.  பாட்டாவது இருந்தபோது அவருக்குப் பேச ஓர் ஆள் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் அவரை மீட்டுக்கொண்டு வந்தேனா, இல்லை கடைசியாக இருந்ததையும் பறித்துவிட்டேனா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

முதலில் நிறையப் பேர் தேடி வந்தார்கள். வருகிறவர்களிடம் அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்: "நான் எதையும் பாக்கல. என்னைக் கும்பிடாதீங்க." சிலர் அது அடக்கம் என்று நினைத்தார்கள். அடக்கம் இல்லை என்று புரிந்ததும் வருவது குறைந்தது. பெண்டாங் தலைவர் ஒரு தடவை வந்து, பழம் வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் பாலிங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பெண்குழந்தை ஆற்றில் போய் ஐந்து மாதம் ஆகிறதாம். உட்காரக்கூட இல்லை. "சாமி, முருகன் இருக்கானா? நீங்க பாத்தீங்களா?" என்று நேராகக் கேட்டாள்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொய் சொல்லிவிடக் கூடாதா இவர் என்று இருந்தது எனக்கு.

"இல்லம்மா. பாக்கல" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உடைந்துவிடப் போகிறாள் என்று பயந்து ஓடினேன். அவள் அழவில்லை. "அப்போ பதில் கெடைக்காதது எனக்கு மட்டும் இல்ல" என்றாள். அவர் பக்கம் நகர்ந்து நாற்காலியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள்.  இரண்டு பேரும் அரைமணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

நான் தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "உங்க பையன் பேரு என்னக்கா?" என்றாள். அவன் போனதிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை; எங்கள் வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை. சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.