மார்க் போட்டவருக்கே பரீட்சை

9-3-1981 ரூ. 32.00
14-3-1983 ரூ. 36.50
12-3-1984 ரூ. 36.50
10-3-1986 ரூ. 45.00
16-3-1987 ரூ. 48.00

ஆசிரியப் பயிற்சி மாணவியர் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட்டதற்காகக் கல்வி அலுவலகம் ரத்தினபாய் டீச்சருக்குக் கொடுத்த படி இது. கிழக்குத் தாம்பரத்தில் நான் எழுத்தராக இருந்த பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு மூன்றாம் வகுப்பு எடுத்தவர் அவர்.

1988 ஜூனில் தலைமை ஆசிரியை பதவி காலியானது. மூத்தவர் இவர்தான். அலுவலகம் ஒப்பவில்லை. இவருடைய பயிற்சிச் சான்றிதழ் 1954இல் நாகர்கோவிலில் வாங்கியது. அன்று அந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதைச் சென்னைச் சான்றிதழுக்கு இணையாகக் கருத முடியாது, இங்கே நடக்கும் பயிற்சித் தேர்வில் இரண்டு தாள் எழுதித் தேற வேண்டும் என்றார்கள்.

தாளாளர் தனசிங் கெஞ்சினார். “எழுதிடுங்களேன் அக்கா. சும்மா ஃபார்மாலிட்டி.”

“ஃபார்மாலிட்டின்னா அவங்களே எழுதிக்கட்டும்.”

டீச்சர் அனுப்பிய பதினொரு மனுவுக்கும் அலுவலகத்தின் பதில் அதேதான். ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில், 1990 ஏப்ரல் கடைசியில், என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே போனார். பிரிவு எழுத்தர் கேசவன் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா டீச்சர், ரெண்டே பேப்பரு. ஒரு நாள் பேஜாரு. எழுதிட்டுப் போய்கினே இருங்க.”

“நான் மார்க் போட்ட பரீட்சையை நானே எழுதணுமா? எனக்குத் தகுதி இல்லைன்னா நான் பாஸ் போட்ட 214 பேருக்கும் இல்லை. அவங்க வேலையையும் எடுத்துடுங்க. லிஸ்ட் கொண்டுவந்திருக்கேன்.”

கேசவன் பக்கங்களைப் புரட்டினார். “எங்க வூட்டுக்காரி பேரும் கீது டீச்சர் இதுல.”

“அப்போ முதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க.”

என் சான்றிதழை இணையாகக் கருதுங்கள், இல்லையேல் 214 பேரின் தேர்ச்சியையும் ரத்து செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டாவதைச் செய்ய அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை.

டீச்சரைத் தலைமை ஆசிரியையாக்கிய உத்தரவு கைக்கு வந்தபோது ஓய்வுக்கு நாலே நாள். “லீவுதானே, வீட்ல இருங்களேன் அக்கா” என்றார் தனசிங். டீச்சர் கேட்கவில்லை. தலைமை ஆசிரியை அறையைத் திறக்கச் சொல்லி, ஐந்தாம் வகுப்பு முடித்த இருபத்தாறு பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்களிலும் கையெழுத்திட்டார். அவருடைய சான்றிதழ் இணையானது, தேர்வு தேவையில்லை என்ற அந்த உத்தரவு பள்ளிக்கு வந்தது 28-5-1990, திங்கட்கிழமை.