அப்பாவின் பெயர் எழுதிய போர்டு

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு விடுதி வாசலில் நீலப் பெயின்ட் அடித்த தகரப் போர்டு தொங்கியது. ‘இங்குள்ள கிணற்றுத் தண்ணீர் கல்லூரிப் பேராசிரியரால் பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதி, கீழே அப்பாவின் பெயர், பட்டம், கல்லூரியின் பெயர். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காக இங்கிலீஷிலும் அதே. அப்போது நான் அதே கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். தோழிகள் காட்டித்தான் போர்டைப் பார்த்தேன். “உங்கப்பா சைடு பிசினஸ் பண்றாராடி?” என்று ஒருத்தி சிரித்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

அப்பா வேதியியல் துறையில் இருந்தார். முதல்வரின் அனுமதி இல்லாமல் ஆசிரியர்கள் வெளிவேலை பார்க்கக் கூடாது, கல்லூரியின் பெயரை யாருடைய விளம்பரத்துக்கும் தரக் கூடாது என்பது விதி. விடுதிக்காரர் வந்து கேட்டபோது அப்பா முறையாக அனுமதி வாங்கித்தான் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வாங்கியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சும்மா செய்து கொடுத்த மனிதருக்கு ஒரு மரியாதையும் செய்யாமல் விடுதிக்காரருக்குத் தூக்கம் வருமா? யாரையும் கேட்காமல் போர்டு எழுதி, மாலையும் போட்டு மாட்டிவிட்டார்.

யாரோ முதல்வரிடம் போட்டுக் கொடுத்தார்கள். துறைத் தலைவர் பதவி அப்பாவுக்கு வர வேண்டியிருந்த நேரம் அது. முதல்வர் நல்ல மனிதர். போர்டு வைத்தது தனக்குத் தெரியாது என்று அப்பா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், முடித்துவிடலாம் என்றாராம். அப்பா முதலில் போய்ப் போர்டைக் கழற்றச் சொன்னார். விடுதிக்காரருக்கு மனசு விட்டுப்போனது. “காசும் வாங்க மாட்டீங்க, பேரும் போடக் கூடாதுன்னா நான் என்னதாங்க பண்றது?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஒரு வரியை அப்பா எழுதவில்லை. தெரியும் என்றே எழுதிக் கொடுத்தார். பதவி அவருக்கு ஜூனியரான ஒருவருக்குப் போனது. அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்தினாள். வகுப்பில் என்னால் தலை நிமிர முடியவில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு எங்கள் மானத்தையும் வாங்கிவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இன்று நானும் ஒரு கல்லூரியில் அதே பாடம்தான் நடத்துகிறேன். வெளிவேலை எடுங்கள் என்று நிர்வாகமே சுற்றறிக்கை விடுகிறது. தண்ணீர் கேன் லேபிளில் என் பெயர், அனுமதியோடுதான், ஊரெல்லாம் போகிறது. ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்கு அந்தக் கேன் வந்தால் மட்டும் லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன்.

அந்த நாட்களில் ஒருமுறை பொறுக்க முடியாமல் அப்பாவிடம் கேட்டே விட்டேன். உங்களுக்குத்தான் தெரியாதே, அப்புறம் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெரியும்மா. மாட்டின மறுநாளே பாத்துட்டேன். கழட்டச் சொல்லணும்னுதான் உள்ளே போனேன், சொல்லாம வந்துட்டேன். பாக்க நல்லா இருந்துச்சு. அப்புறம் தினம் ஊரைச் சுத்திக்கிட்டு அந்த வழியாத்தான் வீட்டுக்கு வந்தேன்.”