மண்ணீரல் இல்லாத பன்றிகள்

சியாயி நகரச் சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் சியூலுவானுடையதைப் போல ஒரு மண்ணீரல் தைவான் தீவிலேயே இருந்ததில்லை. அதைப் படமெடுக்க மெஷின்கள் வரிசையில் நின்றன. டாக்டர்கள் சோற்றைப் பாதியில் விட்டு ஓடிவந்தார்கள். அரசர் காலமாக இருந்தால் அதற்கு ஒரு கோயிலே எழும்பியிருக்கும்.

மண்ணீரலுக்குச் சொந்தக்காரி பிள்ளை இல்லாதவள், வாய் நீளம். கல்யாணமான நாளிலிருந்து பன்றிக் குடலும் ஈரலும் மண்ணீரலும் விற்கிறாள். பிரசவித்த பெண் வீட்டார் வந்தால் அவளுக்குத் தெம்பூட்டும் ஈரல் சூப்புக்கு இஞ்சியையும் தானே பொறுக்கிக் கொடுப்பாள். இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மண்ணீரலுக்குள் முஷ்டியளவு கட்டி ஒன்று தெரிந்தது.

"ஊசி குத்திப் பாத்தா ரத்தம் கொட்டலாம்மா. முழுசா எடுத்துட்டுத்தான் என்னன்னு சொல்ல முடியும்," என்றார் டாக்டர் லாய். மண்ணீரல் போனால் கிருமிகள் சுலபமாகத் தாக்கும் என்பதால் முன்கூட்டியே தடுப்பூசிகள் போட்டார்கள்.

"நான் கால் கிலோவா அறுத்துக்கூடக் குடுப்பேன். நீங்க முழுசாத்தான் வாங்குவீங்களா?" என்றாள் சியூலுவான். டாக்டர் சிரிக்கவில்லை.

வெட்டி எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். கணவர் கோக்ஹோங்கை ஆபரேஷன் அறையின் சின்னச் சன்னலுக்கு அழைத்தார்கள். துணைக்குச் சியூலுவானின் தங்கை மகன் போனான். இதை எழுதுகிறவன் அவன்தான். எவர்சில்வர் தட்டில் கருஞ்சிவப்பாகக் கிடந்ததைக் குறுக்கே பிளந்திருந்தார்கள். பிளவுக்குள் வெளிர்மஞ்சளாய், கெட்டியாய் அந்தக் கட்டி. ஆயுசெல்லாம் கடையில் மண்ணீரல் அறுத்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பரிசோதனை முடிவு வர நாளானது. பார்வைக்கு வெறும் வீக்கம் போலிருந்த கட்டியின் செல்களுக்குள், சாயமேற்றிப் பார்த்தபோது ஒரு வைரஸ் இருந்தது. சின்ன வயதில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றி, உடம்பிலேயே சத்தமில்லாமல் குடியிருக்கிற வைரஸ்.

"இது புற்று வகைதான். மெதுவா வளரும். முழுசா எடுத்தாச்சு. ஆனா ஈரல்ல திரும்ப வரலாம், ஸ்கேனை விட்டுடாதீங்க. அவங்ககிட்ட நான் பேசட்டுமா?" என்று கோக்ஹோங்கையும் தங்கை மகனையும் தனியே அழைத்துக் கேட்டார் டாக்டர் லாய்.

"வேணாம் டாக்டர். வெறும் வீக்கம்னு நானே சொல்லிக்கிறேன். தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா."

"அவங்களா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் கேட்கவில்லை. கணவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தழும்பு காய்ந்து கடைக்குத் திரும்பினாள். ஸ்டூலில் உட்கார்ந்து குடல் கழுவினாள். மண்ணீரல் கேட்டு வந்தவர்களையெல்லாம் கோக்ஹோங், "இன்னிக்கு வரலை," என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும்.

ஒரு காலையில் ஐஸ் பெட்டியின் அடியைத் துழாவினாள் சியூலுவான். சாக்குத் துணிக்குள் அத்தனை மண்ணீரலும் கத்தி படாமல் கிடந்தன.

"ஏய்யா, இந்தச் சந்தையில மண்ணீரல் இல்லாதவ நான் ஒருத்திதான்னு நெனச்சேன். உன் பன்னிங்களுக்கும் ஆபரேஷன் ஆயிடுச்சா?"

கோக்ஹோங் குழாயடிக்குப் போய், சுத்தமாயிருந்த கையையே வெகுநேரம் கழுவினார்.

அவள் தங்கை மகன் பக்கம் திரும்பினாள். "நீயும் சன்னல்ல நின்னியே. எப்படிடா இருந்துச்சு?"

"வழவழன்னு இருந்துச்சு பெரியம்மா. கோயில் கட்டலாம்."

"பிளந்திருந்தாங்களா?"

"சேச்சே. கத்தியே படல. அப்படியே முழுசா இருந்துச்சு."

அவள் குனிந்து குடலைத் திருப்பிப் போட்டாள். "உள்ள என்ன நெறம்? சீக்குப் பன்னிக்கு இருக்குமே, அந்த மஞ்சளா?"

"இல்ல பெரியம்மா, நல்ல செவப்பு."

சியூலுவான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கத்தியே படாததுக்கு உள்ள செவப்புன்னு எப்படிடா தெரியும்?"