அவர் மனப்பாடம் செய்த வசனம்

நான்கு வருடங்களுக்கு முன் திண்டிவனத்தில், இப்போதும் நாங்கள் குடியிருக்கும் இதே வீட்டில் நடந்தது இது. என் கணவர் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்து மார்க்கெட் கமிட்டியில் இறக்குவார். விழுப்புரத்துக்கும் லோடு அடிப்பார். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன்.

தைக்கும்போது பொழுது போகட்டும் என்று போனில் கதை கேட்க ஆரம்பித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கை பாட்டுக்குத் தைக்கும், கதை பாட்டுக்கு ஓடும். அதில் ஒரு தொடர் காதல் கதை. கதாநாயகன் பெரிய முதலாளி. அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவள் மனசு அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு பாகம் முடிந்தால் அடுத்ததைக் கேட்காமல் இருக்க முடியாது. கொஞ்ச நாளில் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

என் கணவருக்கு ஒரு பழக்கம். வந்ததும் கால் கழுவிவிட்டு, தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வார். எங்கே டயர் பஞ்சர், யார் எடையில் தகராறு, டீக்கடையில் யார் வம்பு இழுத்தது என்று. முன்பெல்லாம் ரசித்துக் கேட்டவள்தான். பிறகு ஒரு காதில் மட்டும் ஹெட்போனைக் கழற்றி "ம்" போட்டேன். அப்புறம் அதையும் கழற்றவில்லை. வியர்வை நாற்றமும் கட்டைக் குரலுமாக இவர் என்ன மனுஷன் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள் அவர் வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கதை முடிந்து திரும்பினால், கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம். தகரம் கிழித்திருந்தது.

"சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீ கேட்டுக்கினு இருந்த. முடியட்டும்னு உக்காந்துக்கினு இருந்தேன்."

கட்டுப்போட்டுக்கொண்டு வந்த பிறகு கேட்டார், "அதுல அப்படி இன்னாதான் சொல்றான் அவன்?"

"உங்களுக்கெல்லாம் அது புரியாது" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் கல்யாண நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. வளவனூரிலிருந்து நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் சாப்பிட வந்திருந்தார்கள். மதியம் என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் நாலைந்து ரோஜாப்பூவோடு உள்ளே வந்தார். என் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கண்மணி... நீ இல்லாத ஒவ்வொரு நொடியும்... எனக்கு..."

அதற்குமேல் வரவில்லை. நெற்றியில் வியர்த்துவிட்டது. அது என் கதாநாயகன் பேசும் வசனம் என்று எனக்கு உடனே புரிந்தது. சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"ஐயே, அவன் பேசறத நீங்க பேசினா எப்டி கீது தெரியுமா? மல்லாட்டை மூட்டைக்கு வாய் மொளச்ச மாதிரி கீது!"

அவர் மாதிரியே திக்கித் திணறிச் சொல்லியும் காட்டினேன். நாத்தனாரும் சிரித்தாள்; அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவரும் சிரித்தார். பூவை மிஷின்மேல் வைத்துவிட்டு, "வண்டி கழுவணும்" என்று வெளியே போனார். காலையில்தான் கழுவியிருந்தார்.

அதன்பிறகு அவர் மிஷின் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. நிம்மதியாகக் கதை கேட்கலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சில வாரம் கழித்து, ஒரு நம்பர் தேடி அவர் போனை எடுத்தேன். அதில் என்னுடைய அதே கதை இருந்தது. எண்பது பாகங்களுக்குமேல் கேட்டிருந்தார். கதை, சினிமா எதிலும் ஒட்டாத மனிதர், லோடு ஏற்றிக்கொண்டு போகிற வழியெல்லாம் எனக்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். கல்யாண நாளோடு நிறுத்திவிட்டிருந்தார்.

அப்போதே என் போனிலிருந்து அதை அழித்தேன். அவர் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அட, அதையா இன்னும் நெனச்சிக்கினு கீற? நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்றார்.

இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஒரு குறையும் வைத்ததில்லை. "இன்னிக்கு எங்க லோடு?" என்று தினமும் கேட்கிறேன். "எப்பவும் போறதுதான்" என்பார். அவ்வளவுதான்.

போன மாதம் கமிட்டிப் பக்கம் போனபோது டீக்கடையில் அவரைப் பார்த்தேன். மற்ற டிரைவர்கள் சூழ்ந்திருக்க, கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் கேட்கலாம் என்று கிட்டே போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, எதுனா வேணுமா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அவர் என்னை மனதார மன்னித்துவிட்டார் என்றுதான் நம்புகிறேன். மன்னிப்புக் கிடைத்த பிறகும் திரும்பி வராத சில உண்டு என்பது, அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காரும் ஒவ்வொரு நாளும் எனக்குப் புரிந்துகொண்டே இருக்கிறது.