பன்னிரண்டு மாத ஒப்பந்தமும் மாமி வீட்டுச் சீட்டும்

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடைகாலம். லண்டனில் கோலியர்ஸ் வுட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் நிலவறையை வாடகைக்கு எடுத்து இருந்தேன். மின்னணுவியல் படித்துவிட்டு, மோடம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை. மாலையில் மேற்படிப்பு. இரண்டாவது வருடக் கட்டணத்தைப் புரட்டாதி முடிவதற்குள் கட்ட வேண்டியிருந்தது. வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மச்சாள் ஒரு கைத்தொலைபேசியோடு வந்து நிற்கும்வரை.

மச்சாள் என்றால் மாமாவின் மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஒரே வருடத்தில் லண்டன் வந்தோம். சோதனைகளில் நான் முதலாவதாக வருவேன். மற்ற எல்லாவற்றிலும் அவள். சேலை கட்டினால் அவளுக்கு நிற்கும், எனக்கு வழுகும். அவள் பகிடி விட்டால் சபை சிரிக்கும். நான் விட்டால், "என்ன சொன்னனீ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவள் போட்டோக்கொப்பி மெஷின் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி. மாமாவுக்கு முதுகு நோவு வந்து வேலையை விட்ட பிறகு, நோர்பரியில் அவர்கள் இருக்கும் வீட்டுக்கு மாதக் கடன் கட்டுவதும் அவள்தான். அதற்காகவும் ஊர் அவளைத்தான் மெச்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேசையில் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த கைத்தொலைபேசி அடித்தது. கதை நின்றது. அவள் அதை எடுத்துக் காதில் வைத்தபடி பின்வளவுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஒரு கையால் தலைமயிரைக் கோதிக்கோதி, புல்லில் அங்குமிங்கும் நடந்தாள். அந்தக் கருவி எப்படி ஒரு கோபுரத்தை விட்டு இன்னொரு கோபுரத்தைத் தேடிப் பிடிக்கிறது என்று நான் மாமாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். மாமா தலையை ஆட்டினார். கண் மட்டும் கண்ணாடிக் கதவிலேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டூட்டிங்கில் ஒரு கடைக்குப் போய், பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். எதை வாங்குவதென்றாலும் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு நிரலாக எழுதிப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் "வேண்டும்" என்ற பக்கத்தில் மச்சாளின் பெயரைத் தவிர வேறொன்றும் இருந்திராது.

நிலவறையில் சிக்னல் கிடைக்கவில்லை. அறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை கோடு தெரிகிறது என்று குறித்துப் பார்த்தேன். கட்டில், மேசை, சமையல் மூலை எல்லாம் பூச்சியம். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும் இரண்டு கோடு. ஆகவே அதை அங்கே வைத்தேன். அது அடிக்கவில்லை. ஒரு நாள் தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து நானே என் இலக்கத்துக்கு அடித்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்தேன். கைப்பையிலிருந்து பலமாக அடித்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்று மாதம் போனது. நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. எனக்கு வேலை இல்லை. சேமிப்பில் இருந்தது மேற்படிப்புக் கட்டணத்துக்கு மட்டும் போதும். மாதா மாதம் வரும் போன் பில்லை அதிலிருந்து கட்டினால் கட்டணத்துக்குக் குறையும். இடையில் நிறுத்தினால், மிச்சம் ஒன்பது மாதப் போன் வாடகையையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் என் வகுப்பு இடம் போய்விடும்.

பதறவில்லை. வழிகளை எழுதி, ஒவ்வொன்றாகத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டேன். முதலாவது, என் அறையில் சிக்னல் இல்லை. அவர்கள் காட்டும் வரைபடம் வெட்டவெளிக்கு மட்டுமே என்றார்கள். அறையின் அளவீடுகளை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். இரண்டாவது, வேலை போய்விட்டது. மிகவும் வருந்தினார்கள். வருத்தத்துக்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது, வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டேன். நீங்கள் போகிறீர்களா என்றார்கள். இல்லை என்றேன். பொய் சொல்லத் தெரிந்தவர்கள்மேலும் அன்றைக்குப் பொறாமை வந்தது.

மிச்சமாக இருந்தது ஒரே வழி. மாமி ஒரு சீட்டு நடத்தினார். பதினைந்து பேர், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நோர்பரி வீட்டில் கூடிக் காசு போடுவோம், ஒருவர் மொத்தத்தை எடுப்பார். நான் இன்னும் எடுக்கவில்லை. அதிலிருந்து விலகி, போட்டதைத் திருப்பி வாங்கி, போன் நிறுவனத்துக்குக் கட்டிவிட்டுத் தலைமுழுகலாம் என்று முடிவு செய்தேன். மச்சாளுக்குத் தெரியாமல் மாமியின் காதில் மட்டும் போட வேண்டும் என்பதும் என் திட்டத்தில் இருந்தது.

மாமி குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, என்னைச் சீட்டிலையிருந்து விடுங்கோ. போட்ட காசைத் தந்தால் காணும்."

மாமி எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடுவிலை எழும்பப் போறியோ? சீட்டிலை அப்பிடி எழும்பேலாது, பிள்ளை. மற்றவையின்ரை கணக்கெல்லாம் குழம்பிப்போம். எழும்புறதெண்டால் உன்ரை கதிரையிலை ஒராளை இருத்திப்போட்டு எழும்பு."

பின்னால் குரல் கேட்டது. "ஏன்டி, உனக்கென்ன இப்ப காசு முட்டு?"

தட்டு எடுக்க வந்த மச்சாள் வாசலில் நின்றாள். வேறு வழியில்லை. சொன்னேன். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ மொபைல் வாங்கினியோ? எடியே கள்ளி! மூண்டு மாசமாய் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை."

"நம்பரைத் தந்திருந்தால் நானாவது அடிச்சிருப்பனே!"

அது உண்மை என்பதுதான் சுட்டது. எனக்கு அடித்திருக்கக்கூடிய ஒரே ஆளுக்கு நான் இலக்கத்தைக் கொடுக்கவில்லை.

அவள் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டாள். "அம்மா இப்ப சொன்னதைக் கேட்டனிதானே? போனையும் நிப்பாட்டாதை. ஆளை இருத்து."

"அது கொம்பனி. உங்கடை சீட்டில்லை," என்றேன்.

"அவங்களுக்கு மாசா மாசம் காசு வந்தால் சரி. அது உன்ரையெண்டால் என்ன, ஊரான்ரையெண்டால் என்ன? நீ நிப்பாட்டலாமோ, நிப்பாட்டலாமோ எண்டே கேட்டிருப்பாய். ஒரு நாளாவது ஆளை மாத்தலாமோ எண்டு கேட்டனியே?"

கேட்கவில்லை. என் வழிகள் எல்லாமே ஒப்பந்தத்தை எப்படி முறிப்பது என்பதைப் பற்றியவை. சீட்டில் ஆள் மாறுவதை அதே வீட்டில் கண்ணெதிரே பார்த்தவள் நான். போன சித்திரையில்தான் கனடாவுக்குப் போன ஒருவரின் கதிரையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார், நானே நகர்ந்து இடம் விட்டேன். அப்படியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. வடைத் தட்டைக் கையில் பிடித்த நேரத்துக்குள் அவளுக்குத் தோன்றியது. நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது.

நான் தடுக்குமுன் அவள் ஹோலுக்குள் போய்விட்டாள்.

"ஆருக்கு மொபைல் வேணும்? ஒன்பது மாசம் மிச்சம் கிடக்கு. ஒரு இஞ்சினியர் பாவிச்சது. பாவிச்சதெண்டும் சொல்லேலாது!"

சபை சிரித்தது. குசினிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓடும் ஒரு அண்ணை சிரிக்கவில்லை. வடையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தார். குரொய்டன் தாண்டினால் காரில் இருக்கும் ரேடியோ கேட்பதில்லை, விமான நிலையச் சவாரிகள் தவறிப்போகின்றன, ஆனால் முழு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் பயம் என்றார்.

"பில்லிலை பாக்கி ஏதும் கிடக்கே, தங்கச்சி?"

"ஒண்டுமில்லை, அண்ணை."

"பெட்டி இருக்கே?"

"பெட்டி, சார்ஜர், புத்தகம் எல்லாம் இருக்கு."

"புத்தகத்தை வாசிச்சும் இருப்பியள் போலை," என்றார். "அப்ப எனக்கு விளங்காததைக் கேக்கலாம்."

திங்கட்கிழமை காலை மறுபடியும் நிறுவனத்துக்கு அடித்தேன். இந்த முறை ஒரே கேள்விதான் கேட்டேன். என் ஒப்பந்தத்தை மிச்ச மாதங்களுக்கும் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாமா? முன்பு எனக்காக வருந்திய அதே பெண்குரல், தாராளமாக என்றது. அவருடைய விபரங்கள் சரியாக இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும், நிறுத்தல் கட்டணம் கிடையாது, ஏனென்றால் எதுவும் நிறுத்தப்படவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். மச்சாள் சொன்னதையே அவளும் சொன்னாள்.

இரண்டு கிழமைக்குள் எல்லாம் சரிவந்தது. அண்ணை தன் காரிலேயே வந்தார். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் இன்னும் உரிக்கவில்லை. அவர் நகத்தால் அதை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று வீட்டுக்கு அடித்தார்.

"நான்தானப்பா. இல்லை, ஒண்டுமில்லை. சும்மா. இதுதான் நம்பர், எழுதி வை. என்ன கறி?"

மறுமுனையில் அவருடைய மனைவி சிரிப்பது எனக்கே கேட்டது. மூன்று மாதம் தண்ணீர்த் தொட்டியின் மேல் கிடந்த பொருள், ஒரு நிமிடத்தில் போன் ஆகிவிட்டது. பாரம் இறங்கியது. அதோடு, என்னைவிட அதற்குப் பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டதே என்று அந்த அண்ணைமேலும் கொஞ்சம் பொறாமை வந்தது. கட்டணத்தை அடுத்த நாளே கட்டினேன். ஐப்பசியில் வேறு வேலையும் கிடைத்தது.

ஆனால் நான் மறக்காமல் இருப்பது அடுத்த சீட்டு ஞாயிறை. மச்சாளுக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அவள் சோபாவில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய போன் அடித்தது. வழக்கம்போல எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். அவள் திரையைப் பார்த்தாள். எழும்பவில்லை. அதைக் குஷனுக்கு அடியில் தள்ளி, மேலே சாய்ந்துகொண்டாள். அது குஷனுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

"மனேச்சர்," என்றாள் மெதுவாக. "இந்தக் கிழமை எத்தினை மெஷின் வித்தனி எண்டு கேப்பான். ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறான். குளிக்கப் போனாலும் விடான்."

"அப்ப பின்வளவிலை நிண்டு கதைக்கிறது?"

"அவனோடைதான். அப்பாவுக்கு முன்னாலை பேச்சு வாங்கேலுமே?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் கையால் தலைமயிரைக் கோதியதை எத்தனையோ இரவுகள் நினைத்து எரிந்திருக்கிறேன். அது பெருமையில்லை, பேச்சு வாங்கும் பதற்றம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உன்ரையை வாங்க ஒராள் கிடைச்சுது," என்று அவள் சிரித்தாள். "என்ரை கதிரையிலை ஆரை இருத்துறது? நீ எடுக்கிறியே? இண்டைக்கே தாறன்."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். போன் நின்று, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. நான் குஷனுக்கு அடியில் கையை விட்டு அதை எடுத்தேன். அவள் கண்ணை அகல விரித்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தி, என்னுடைய மிக ஒழுங்கான ஆங்கிலத்தில், அவரால் இப்போது வர இயலாது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிறகு அழையுங்கள் என்று சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டான். அவருடைய மச்சாள் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்தேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டார். மச்சாள் என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. இன்றைக்கும் அவள் சேலை கட்டி வந்தால் என் கண் முதலில் மடிப்பைத்தான் எண்ணுகிறது. ஆனால் முதல் ஞாயிறுகளில் நோர்பரி வீட்டுக்குள் நான் காலை வைத்ததும் அவள் ஒன்றும் பேசாமல் போனை என் மடியில் போடுகிறாள். அந்த ஒரு பின்னேரம் அவளுடைய கதிரையில் நான்தான் இருக்கிறேன், அது எவ்வளவு பாரமான கதிரை என்பதும் எனக்குத் தெரியும்.